பாட்டிலில் பிடித்த பனி

விடியற்காலைப் பயணம் ஒன்றில்தான் இது ஆரம்பித்தது. கார் மெதுவாகிக்கொண்டே வந்தது, முன்னால் இருந்த சாலை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வெளியே பார்த்தாள். "யாரும்மா இவ்ளோ புகை போட்டது?"

ஐந்து வயது. புகை இல்லடி, பனி என்றேன். கண்ணாடியை இறக்கச் சொல்லி மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள். வாசனை இல்லை, கண் எரியவில்லை, இருமலும் வரவில்லை. சரி, புகை இல்லை என்று ஒப்புக்கொண்டாள். "அப்ப பனின்னா என்ன?"

"மேகம் கீழ இறங்கி வந்திருக்கு."

அரைத்தூக்கத்தில் வாயில் வரும் பதில் இது. கேட்பதற்கு அழகாக இருக்கும், குழந்தையும் வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன். அவள் அடைக்கவில்லை. யார் இறக்கிவிட்டார்கள், எப்படித் திரும்ப ஏறும், அது இருந்த இடத்தில் இப்போது மேலே ஓட்டை இருக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அவள் தன் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நாலைந்து முறை வீசி, சட்டென்று மூடியைத் திருகினாள். "பிடிச்சுட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அடியில் குடித்து மிச்சமான நாலு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். மூடியைத் தடவிப் பார்த்தாள், அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள், அப்புறம் அழுதாள். யாரோ திறந்துவிட்டார்கள் என்று சந்தேகம் என் அக்காவின் ஒன்பது வயதுப் பையன் மேல் போனது. அவன் சத்தியம் செய்தான், "சித்தி, நான் தொடவே இல்லை."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பனி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கிற கேள்வியிலேயே ஒரு பொறி இருக்கிறது என்று. வருகிறது, போகிறது என்று சொல்லிவிட்டால் குழந்தை அதை ஒரு பொருளாக, ஒரு ஆளாகக்கூட, எடுத்துக்கொள்கிறது. அவள் பிடித்துவந்தது எங்கேயும் போகவில்லை. பாட்டிலுக்குள்ளேயேதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான் நடந்தது. ஆனால் இதை ஐந்து வயதுக்கு எப்படிச் சொல்வது?

இதில் தமிழும் நம் காலை வாரிவிடுகிறது. நாம் பனி பெய்கிறது, பனி கொட்டுகிறது என்கிறோம், மழையைச் சொல்வது மாதிரியே. கேட்கிற பிள்ளை மேலிருந்து ஏதோ விழுகிறது என்றுதான் நினைக்கும். புல்நுனியில் இருப்பது பனி, சாலையை மறைப்பதும் பனி, படத்தில் குழந்தைகள் உருண்டை பிடித்து எறிவதும் பனி, கண்ணாடி டம்ளரில் மிதக்கும் கட்டியும் பனிக்கட்டி. முன்பனிக்காலம், பின்பனிக்காலம் என்று ஆண்டில் இரண்டு பருவத்துக்கே அதன் பெயரை வைத்த மொழி, பனித்துளிக்கும் மூடுபனிக்கும் உறைபனிக்கும் வெண்பனிக்கும் அடிச்சொல்லாக ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது. ஒரு விதத்தில் அது நியாயம்தான், எல்லாம் தண்ணீர்தானே. விளக்க உட்காரும்போதுதான் கஷ்டம். அதனால் வீட்டில் ஒரு விதி வைத்தேன்: புல்லில் இருந்தால் பனித்துளி, காற்றில் இருந்தால் மூடுபனி. வெறும் பனி என்று சொன்னால் "எந்தப் பனி?" என்று எதிராளி கேட்க வேண்டும்.

இன்னொரு சொல் ஆவி. கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் வெள்ளையாக எழுவதைப் பார்த்து ஆவி பறக்குது என்கிறோம். நான் பள்ளியில் படித்தபோதும் அந்த வெள்ளையைத்தான் நீராவி என்று மனசில் வைத்திருந்தேன், இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. உண்மையான நீராவிக்கு நிறமே கிடையாது. கெட்டில் நன்றாகக் கொதிக்கும்போது மூக்கு முனையைத் தள்ளி நின்று கவனித்தால், வெள்ளை தொடங்குவது முனையிலிருந்து சற்றுத் தள்ளித்தான், நடுவில் ஒரு சின்ன இடைவெளி வெறுமையாக இருக்கும். ஆவி அந்த வெறுமைதான், கையை வைத்தால் பொத்துவிடும். அதைத் தாண்டி வெளியே குளிர்ந்த காற்றில் பட்டதும் சின்னச் சின்னத் தண்ணீர்த் துளிகளாகிறதே, அதுதான் நாம் பார்க்கிற வெள்ளை. சரியாகச் சொன்னால் கெட்டிலின் வாயில் தினமும் ஒரு குட்டி மூடுபனி உருவாகிறது.

"ஆவின்னா பேய்தானே?" என்றாள் மகள். ஆமாம், அந்த அர்த்தமும் உண்டு. யோசித்துப் பார்த்தால் அது எனக்கு உதவியாகவே இருந்தது. பேய் கண்ணுக்குத் தெரியாது, நீராவியும் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது ஆவி இல்லை, தண்ணீர். இந்த ஒரு வரி அவளுக்குப் பிடித்துப்போய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் காற்றில் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் உடனே நம்ப வேண்டும் என்று என்ன இருக்கிறது? எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பக்கூடாது என்று நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம். ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தேன். சிறிது நேரத்தில் அது வேர்த்தது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? "உள்ளே இருக்கிறது கசிஞ்சிருக்கு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். நியாயமான ஊகம், சரி என்று அடுத்த பாட்டில் தண்ணீரில் நீல வாட்டர் கலரைக் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தோம். அதுவும் வேர்த்தது. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள், துணியில் நீலம் இல்லை. பெரியவன் அத்தோடு விடவில்லை. கலர் மட்டும் உள்ளே நின்றுவிட்டு தண்ணீர் மட்டும் கசிந்திருக்கலாமே என்றான். அவன் அம்மா சின்ன வயதில் இப்படித்தான் இருந்தாள். கடைசியில் தண்ணீரே இல்லாத ஒரு காலி எவர்சில்வர் டம்ளரை ஃபிரீசரில் வைத்து எடுத்துக் காட்டினேன். அதுவும் வேர்த்தது. அதற்கப்புறம் வாதம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அவனோடு உட்கார்ந்தேன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 30 கிராம் வரை நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம், 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. எங்கள் அறை மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், ஆக 36 கன மீட்டர். 30 டிகிரி, ஈரப்பதம் பாதி என்று வைத்துக்கொண்டால் அறைக்குள் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. அரை லிட்டர் பாட்டிலை நடு அறையில் வைத்து, "இவ்வளவும் உங்களைச் சுத்தி இருக்கு" என்றதும் சின்னவள் கையை வீசித் தேடினாள்.

இதைவிட எனக்கே ஆச்சரியமாக இருந்தது அடுத்த கணக்கு. இதே அறை முழுக்க, அன்று சாலையை மறைத்த மாதிரி அடர்ந்த மூடுபனி நிரம்பியிருந்தால் அந்த வெள்ளையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? கன மீட்டருக்குப் பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு கிராம் என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். மொத்த அறைக்கும் ஒரு டீஸ்பூன். கண்ணுக்கே தெரியாதது அரை லிட்டர், கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை ஒரு டீஸ்பூன்! அந்த ஒரு ஸ்பூன் பல நூறு கோடித் துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் வெளிச்சத்தை அங்குமிங்கும் அடித்துத் திருப்புகிறது, அதனால்தான் இந்த வெள்ளை. ஐஸ்கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், உடைத்துத் தூளாக்கினால் வெளுத்துவிடும். அதே சங்கதி.

அடுத்து, ஏன் ஆவி துளியாகிறது. இங்கேதான் நான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். சூடான காற்றுக்குப் பெரிய வயிறு, நிறையத் தண்ணீர் குடிக்கும், குளிர்ந்தால் வயிறு சுருங்கி மிச்சத்தைத் துப்பிவிடும் என்றேன். காற்று ஒரு ஸ்பாஞ்ச் என்று பாடப்புத்தகங்களில் சொல்வதன் இன்னொரு வடிவம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. காற்று தண்ணீரை எங்கேயும் பிடித்து வைத்திருப்பதில்லை. நீராவித் துகள்கள் தம் பாட்டுக்குத் திரிகின்றன, காற்றின் மற்ற துகள்களும் தம் பாட்டுக்குத் திரிகின்றன. காற்றே இல்லாத வெற்றுப் பெட்டியிலும் 30 டிகிரிக்கு கன மீட்டருக்கு அதே 30 கிராம்தான். தீர்மானிப்பது வெப்பம். சூட்டில் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தப்பி ஓடுகின்றன, குளிரில் ஒட்டிக்கொள்வது அதிகமாகிறது. வயிற்றுக் கதையைச் சொன்ன இரண்டே நிமிஷத்தில் "வயிறு எங்க இருக்கு?" என்று மகள் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, பொய் ரொம்ப தூரம் போகாது.

அதனால் விளையாட்டாக மாற்றினோம். இரண்டு பேரும் தண்ணீர்த் துகள்கள். நான் "வெயில்!" என்றால் அறை முழுக்க ஓட வேண்டும், இடித்துக்கொண்டாலும் நிற்காமல் ஓட வேண்டும், கை பிடிக்க முடியாது. "குளிர்!" என்றால் மெதுவாக நடக்க வேண்டும், எதிரே வந்தால் கை கோத்துக்கொள்ள வேண்டும். கை கோத்தால் துளி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்ததும் நன்றாகவே வேலை செய்தது. கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன சத்தம் என்று கேட்கும் வரை.

விளையாட்டில் ஒரு குறை இருந்தது, பெரியவன்தான் கண்டுபிடித்தான். கை கோத்த இரண்டு பேரை யாராவது ஓடிவந்து இடித்தால் பிரிந்துவிடுகிறார்களே? சரியான கேள்வி. நிஜத்திலும் அப்படித்தான். நாலைந்து துகள்கள் சேர்ந்து உண்டாகும் மிகச் சிறிய துளி நிலைக்காது, உடனே கலைந்துவிடும். அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். அறை நடுவில் நாற்காலியைப் போட்டேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பிரிப்பது கடினம். காற்றில் அந்த நாற்காலி வேலையைச் செய்வது தூசி, புகைத்துகள், கடல் அலை தெறித்து மிஞ்சும் உப்பு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி ஜாடி ஒன்றில் வெந்நீர் ஊற்றி (கொதிநீர் வேண்டாம், ஜாடி விரிசல் விடும்) ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் இரண்டு விரல் உயரம் மட்டும் விட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வாயில் ஒரு தட்டு, தட்டில் ஐஸ்கட்டிகள். முதல் தடவை நான் இதோடு நிறுத்திவிட்டு "பாருங்க பாருங்க" என்றேன், பார்க்க ஒன்றுமே இல்லை, சின்னவள் கொட்டாவி விட்டாள். இரண்டாம் தடவை தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையை ஒரு நொடி ஜாடிக்குள் விட்டுவிட்டுத் தட்டை மூடினேன். ஜாடிக்குள் வெள்ளை திரண்டு சுழல ஆரம்பித்தது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் இன்னும் பிரமாதம். தட்டைத் தூக்கினால் வழிந்து வெளியே வரும். வெந்நீர், தீக்குச்சி இரண்டும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் 1880-இல் செய்ததும் அடிப்படையில் இதுதான். இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள், ஒன்றில் சாதாரணக் காற்று, மற்றதில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியை விட்டார். முதல் பாத்திரம் மூடுபனியால் நிறைந்தது, இரண்டாவது தெளிவாகவே இருந்தது. காற்றில் தூசியே இல்லாவிட்டால் மூடுபனியும் மேகமும் இருக்காது என்ற முடிவுக்கு வந்தார். அப்போது ஆவி எங்கே போய் ஒட்டும்? நம் உடுப்பில், சுவரில், மரத்தில், கையில் கிடைத்த எல்லாவற்றிலும். இதைக் கேட்டதும் மகள் "மூக்குலயுமா?" என்றாள். மூக்கிலும்தான். அவளுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

சரி, வெளியே இரவில் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தரை, சூரியன் போனதும் தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டே இருக்கும். மேலே மேகம் இருந்தால் போர்வை மாதிரி, சூட்டில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகம் இல்லாத, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற இரவில் தரைக்குப் போர்வையே இல்லை. தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது, ஒரு கட்டத்தில் அதில் இருக்கும் நீராவி இனி ஆவியாக இருக்க முடியாத அளவுக்கு வெப்பம் இறங்குகிறது. அந்த அளவைப் பாடத்தில் பனிநிலை என்பார்கள். காற்று அசையவே இல்லையென்றால் புல்லிலும் இலையிலும் பனித்துளிதான் கட்டும். பலமாக வீசினால் மேலே இருக்கிற உலர்ந்த காற்று கலந்து காரியத்தைக் கெடுத்துவிடும். மெல்ல, கன்னத்தில் பட்டும் படாமலும் ஓர் அசைவு இருந்தால் குளிர்ச்சி கொஞ்சம் உயரம் வரை பரவும், அப்போதுதான் மூடுபனி. தெளிவான வானமா, நேற்று மழை பெய்து தரை ஈரமா, காற்று அடங்கிவிட்டதா, இந்த மூன்றையும் ராத்திரி படுக்கப் போகுமுன் பார்த்துவிட்டு நாளை பனி இருக்குமா இருக்காதா என்று பெரியவன் இப்போது பந்தயம் கட்டுகிறான். பல நாள் தோற்கிறான். வானிலை ஆய்வாளர்களுக்கே மூடுபனியை முன்கூட்டிச் சொல்வது கஷ்டமான வேலை என்று அவனைத் தேற்றிவைத்திருக்கிறேன்.

பள்ளமான இடத்தில் ஏன் அதிகம்? குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து கீழே தேங்கும்.

ஆக, அன்று சாலையில் நாங்கள் பார்த்தது எங்கிருந்தும் இறங்கி வரவில்லை, இருந்த இடத்திலேயே உண்டானது. மேகம் இறங்கியது என்று நான் சொன்னது அந்த விதத்தில் தப்பு. ஆனால் இன்னொரு விதத்தில் முழுத் தப்பும் இல்லை, இரண்டும் ஒரே சரக்குத்தான். 1803-இல் மேகங்களுக்கு இன்றும் புழங்கும் லத்தீன் பெயர்களைக் கொடுத்த லண்டன்காரர் லூக் ஹோவர்ட், தரையோடு கிடக்கும் மூடுபனியையும் ஸ்ட்ரேட்டஸ் என்ற தன் மேக வகைக்குள்தான் சேர்த்தார். மலை மேல் நிற்கிறவருக்குப் பனி, கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு மேகம்.

எல்லா மூடுபனியும் இரவுத் தரையால் வருவதில்லை. சிலது உண்மையாகவே வருகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த கடலின் மேல் நகரும்போது அடியிலிருந்து குளிர்ந்து பனியாகித் திரண்டு, காற்றோடு கரைக்கு வந்து சேரும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அருகே கிராண்ட் பேங்க்ஸ் என்ற கடற்பகுதியில் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் சூடான வளைகுடா நீரோட்டமும் சந்திக்கின்றன, உலகத்திலேயே மூடுபனிக்குப் பேர்போன இடம் அது. இதற்கு நேர் எதிராக, சூடான ஏரி நீர் மேல் குளிர்ந்த காற்று படும்போது ஏரியே கொதிப்பது போல இழை இழையாக எழும். மலைச்சரிவில் ஏறும் காற்று விரிந்து குளிர்வதால் வருவது இன்னொன்று.

விரிந்தால் குளிருமா என்று பெரியவன் நம்பவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், ஒரு தீக்குச்சிப் புகை, மூடியை இறுக்கித் திருகி நன்றாக அழுத்தினால் உள்ளே தெளிவு. கையை விட்டால் அந்த நொடியே வெள்ளை. அழுத்தினால் மறுபடி மறையும். சைக்கிள் டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தாலும் சில்லென்று இருக்கும். சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1894-இல் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகத்திலும் பனியிலும் வெயில் செய்த வேடிக்கைகளைப் பார்த்து மயங்கி, அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்கப் பார்த்தது இதே விரியும் காற்றை வைத்துத்தான். அது கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்களின் தடத்தைப் பனிக்கோடாகக் காட்டும் கருவியாகி, 1927-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. பாட்டிலை நாற்பது தடவை அழுத்திய பின்புதான் பெரியவன் கீழே வைத்தான்.

"துளின்னா ஏன் கீழ விழலை?" இது சின்னவள் கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். விழுகிறது. ஆனால் ஒரு துளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, நம் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அவ்வளவு சின்னது நொடிக்குச் சில மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வேகத்தில்தான் இறங்கும். அவள் உயரத்திலிருந்து தரைக்கு வர ஐந்து நிமிஷம்கூட ஆகலாம், அதற்குள் லேசாகக் காற்று அசைந்தாலும் மறுபடி மேலே. ஒரு மழைத்துளிக்குள் இப்படிப்பட்ட துளிகள் பத்து லட்சம் அளவுக்கு அடங்கும். அவள் கையை ஆட்டி ஆட்டி மெதுவாக விழுந்து காட்டினாள், ஐந்து நிமிஷம் பொறுமை இல்லாமல் பாதியில் தொப்பென்று விழுந்துவிட்டாள்.

மூடுபனிக்கும் லேசான பனிக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், பொருள் ஒன்றுதான், கண் எட்டும் தூரம்தான் வேறு. வானிலைக் கணக்கில் 1,000 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் ஃபாக், அதற்கு மேல் தெரிந்தும் ஈரத்தால் மங்கலாக இருந்தால் மிஸ்ட். புகையும் சேர்ந்துகொண்டால் ஸ்மாக், அது வேறு விவகாரம். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடி ஆயிரக்கணக்கானோர் உயிரைக் குடித்தது அதுதான். ஐந்து வயதிடம் அதைச் சொல்லவில்லை. ஒன்பது வயதிடம் கொஞ்சம் சொன்னேன்.

நமீப் பாலைவன வண்டை மட்டும் விடவே மாட்டேன் என்கிறார்கள். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் மழையே அபூர்வமான மணல்மேட்டில், கடலிலிருந்து பனி வரும் காலையில் ஒரு கறுப்பு வண்டு மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே, பின்புறத்தை மேலே வைத்து நிற்கும். முதுகில் பனி துளியாகிச் சேர்ந்து வழிந்து நேரே வாய்க்கு வரும். சிலி நாட்டின் வறண்ட கரையோர மலைகளில் மனிதர்களும் பெரிய வலைகளைக் கட்டி இப்படிப் பனியிலிருந்து தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். வலையைப் பற்றி இருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலைகீழாக நிற்பதற்கு மட்டும் ஒரு வாரம் போட்டி நடந்தது.

அப்புறம், வெயில் வந்தால் ஏன் போகிறது. சூரியனைக் கண்ட பனி போல என்று சொல்லிப் பழகியதால் சூரியன் மேலிருந்து நக்கிக் குடிப்பது மாதிரி ஒரு படம் என் மனதில் இருந்தது. நிஜத்தில் பனியின் மேற்பரப்பு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஊடுருவிக் கீழே வரும் மிச்சம் தரையைச் சூடாக்க, தரை காற்றைச் சூடாக்க, துளிகள் பெரும்பாலும் அடியிலிருந்து ஆவியாகின்றன. அதனால்தான் பல காலைகளில் முதலில் பாதை தெரிகிறது, அப்புறம் மரத்தின் அடி, உச்சி கடைசியில். கீழிருந்து பார்க்கிற குழந்தைக்குப் பனி மேலே ஏறிப் போவதாகத் தோன்றும். எப்படித் திரும்ப ஏறும் என்று அவள் முதல் நாள் கேட்டாளே, கிட்டத்தட்ட இப்படித்தான்.

இந்த இடத்தில்தான் பாட்டிலை மறுபடி எடுத்தேன். அதற்குள் இருந்ததும் இதேதான்: வீட்டுச் சூட்டில் துளிகள் ஆவியாகிவிட்டன. அப்படியானால் குளிர வைத்தால்? மூடியைத் திறக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது வெளிப்பக்கம் குப்பென்று வேர்த்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது, நான் இதை யோசிக்கவே இல்லை. மகள் பாவாடையால் துடைத்தாள். வெளியே போனது. உள்ளே, சுவர் முழுக்க மங்கலாக, சின்னச் சின்ன மணிகள் அப்படியே இருந்தன. விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், அழியவில்லை. "உள்ள இருக்கு! உள்ள இருக்கு!" அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டாள், நான் சொல்லித்தான்.

நியாயமாகப் பார்த்தால் இது கொஞ்சம் கள்ளாட்டம். அடியில் கிடந்த அந்த நாலு சொட்டுக் குடிநீர்தான் உள்ளே படிந்ததில் பெரும்பகுதி. பாட்டிலில் உண்மையாகப் பிடிபட்ட சாலைப் பனி சில மில்லிகிராம்கூட இருக்காது. பெரியவனிடம் ரகசியமாகச் சொன்னேன். அவன் சும்மா இருப்பானா, "அப்ப காய்ந்த பாட்டில்ல செஞ்சு பாக்கணும் சித்தி" என்று ஆரம்பித்துவிட்டான்.

இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் வேறு எதற்கும் இடமில்லை. மூடிய காலி பாட்டில்கள் ஏழு. குளியலறைக் காற்று, மாடிக் காற்று, அலமாரிக்குள் இருக்கும் காற்று, மழை நாள் காற்று என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதுவரை எல்லாவற்றையும்விட நன்றாகப் பனி கட்டியது வாயால் ஊதிய மூச்சுக் காற்று பாட்டில். அதை ஊதியது யார் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை, சீட்டில் இரண்டு பேர் பெயரும் அடிக்கப்பட்டு மேலே மேலே எழுதப்பட்டிருக்கிறது.